கோயிலாழ்வார் திருமுன்பே ஒரு வண்ணத் தோட்டம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



சென்ற மார்கழியில், டொராண்டோ நகரில் வாழும் அடியேன் குமாரத்தியிடமிருந்து ஒரு கேள்வி வந்தது. அவள் வீட்டின் பின்புறத்தில் சிறிது நிலம் உண்டு. மே மாதக் கடைசியில் விதைத்து, உறைபனி இறங்குவதற்குள் எல்லாவற்றையும் பறித்து முடித்துவிட வேண்டிய நிலம் அது. தக்காளி, அவரை, சுரை, சிறிது கீரை, வரப்போரத்தில் செண்டுமல்லி, தொட்டியில் திருத்துழாய் என்று அவளும் ஏழு வயதுப் பேத்தியுமாகக் கோடை முழுவதும் பாடுபட்டார்கள். குளிர் வந்ததும் திருத்துழாய்த் தொட்டியை வீட்டுக்குள் ஜன்னலோரம் கொண்டுவந்து வைத்தார்கள். வெயில் போதாமல் அதுவும் வாடிற்று. ஒரு நாள் காலையில் பெருமாளுக்கு ஸமர்ப்பிக்கப் பூவொன்றும் இல்லை. பேத்தி யாரையும் கேட்காமல், கோடையில் தான் கண்ட தோட்டத்தை வண்ணப் பென்சிலால் ஒரு தாளில் எழுதி, கோயிலாழ்வார் திருமுன்பே சேர்த்துவிட்டாள்.

“அப்பா, இதை அங்கே வைக்கலாமா? எடுத்தால் குழந்தை மனசு வாடும். வைத்தால் அபசாரமாகுமோ என்று பயமாக இருக்கிறது” என்று எழுதியிருந்தாள் பெண்.

உடனே ‘ஆகும்’ என்றோ ‘ஆகாது’ என்றோ எழுத அடியேனுக்குத் துணிவு வரவில்லை. 36 ஆண்டுகள் வங்கியில் பற்று வரவு பார்த்தவனுக்கு சாஸ்த்ர நிர்ணயம் செய்யும் அதிகாரம் ஏது? அதை ஆசார்யனிடம் கேட்டுக்கொள்ளச் சொன்னேன். ஆனாலும் அந்தக் கேள்வி பெரியாழ்வாரின் பூச்சூட்டல் பதிகத்தை அடியேன் மறுபடியும் எடுத்து வைத்துக்கொண்டு அநுஸந்திக்கும்படி செய்தது. அப்போது தோன்றியவற்றையே இங்கு விண்ணப்பிக்கிறேன். குற்றங்குறை இருப்பின் பொறுத்தருள வேணும்.

பெரியாழ்வார் திருமொழியில் இரண்டாம் பத்தின் ஏழாம் திருமொழி இது. கன்று மேய்க்கப் புறப்படும் கண்ணனை, யசோதைப் பிராட்டியின் பாவனையில் ஆழ்வார் பூச்சூட வரும்படி அழைக்கிறார். ஒரு பாசுரத்துக்கு ஒரு பூவாக, செண்பகம், மல்லிகை, பாதிரி, தமனகம், செங்கழுநீர், புன்னை, குருக்கத்தி, இருவாட்சி, கருமுகை என்று ஒன்பது பாசுரங்களில் வரிசையாக வருகின்றன. நம் திருமாளிகைகளில் புஷ்பம் ஸமர்ப்பிக்கும்போது சேவிக்கும் பதிகமாகையால், அடியேனும் பால்யம் தொடங்கி நெட்டுருவாகச் சொல்லி வந்திருக்கிறேன். சொன்னேனே தவிரப் பார்த்தேனில்லை.

பணி ஓய்வு பெற்றபின் தாம்பரத்துக்கு அருகே அடியேன் குடிசையின் மாடியில் தொட்டிகள் வைத்துச் செடி வளர்க்கத் தொடங்கிய பிறகுதான் அந்த வரிசை கண்ணுக்குப் புலப்பட்டது. செண்பகம் ஓங்கி வளரும் மரம். மல்லிகை புதர். பாதிரி கோடையில் பூத்துச் சொரியும் மரம். தமனகம் என்பது தவனம். அதற்கு மணம் பூவிலன்று, இலையிலேதான். செங்கழுநீருக்குத் தண்ணீர் நிறைந்த குளம் வேண்டும். புன்னை கடற்கரை மணலில் செழிப்பது. குருக்கத்தி, மாதவி என்று வழங்கும் கொடி. அதற்குப் பற்றிக்கொள்ள ஒரு கொம்பு வேண்டும். அதாவது மரமும் புதரும் கொடியும் பூண்டும் நீர்ப்பூவும் கொண்ட ஒரு முழு நந்தவனமே அப்பதிகத்தில் அடங்கியிருக்கிறது. சந்தையில் கூடையோடு பூ வாங்கியவர் பாடியதாக அது அமையவில்லை. எந்தச் செடிக்கு எந்த இடம் என்று மண்வெட்டி பிடித்து அறிந்தவர் பாடியது அது.

இன்னொன்றும் உண்டு. இவையெல்லாம் ஒரே நாளில், ஒரே விடியற்காலையில், ஒரே கூடையில் சேர்வது அரிது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பருவம். பாதிரி தருவது ஒரு காலம், குருக்கத்தி தருவது வேறொரு காலம். ஆனால் ஆழ்வாரோ ஒரே பதிகத்தில் எல்லாவற்றையும் சாற்றிவிடுகிறார்; பத்தாம் பாசுரத்தில் பூக்களை எண்ணிச் சொல்லி, கொண்டுவந்தேன் என்றே தாய் பேசுகிறாள். நந்தவனம் எந்த நாளிலும் கொடுக்க முடியாத மாலையை வாக்கு கொடுத்தது. பருவம் தவறியதால் எம்பெருமான் இழந்தான் என்று ஆகாதபடிக்கு ஆழ்வார் சொல்லாலே ஈடுசெய்தார் என்று அடியேன் புத்திக்கு எட்டுகிறது. இது வ்யாக்யானத்தில் உள்ளதன்று. மாடியில் நாலு தொட்டி வைத்தவனுக்குத் தோன்றிய எண்ணம் என்று கொள்ளவும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். சொல்லே மாலையாகும் என்றால் பூமாலை எதற்கு என்று கேட்பவர் உண்டு. அஹிம்ஸை முதலான எட்டுப் பூக்களைச் சொல்லும் ச்லோகத்தை எடுத்துக்காட்டி, மனத்தில் பூத்தால் போதும், தோட்டம் வேண்டா என்று முடிப்பவரும் உண்டு. அந்தப் பெருநிலை அவர்களுக்கு வாய்த்திருக்கலாம். அடியேனைப் போன்றவர்களுக்கு அது குனிந்து களை பறிப்பதிலிருந்து தப்பிக்க ஒரு வழியாகவே முடியும். ஆழ்வார் அப்படித் தப்பவில்லையே! ஸ்ரீவில்லிபுத்தூரில் கொத்தினார், நட்டார், நீர் சுமந்தார், தொடுத்தார், அதற்குமேல்தான் பாடினார். தொண்டரடிப்பொடியாழ்வாரும் அப்படியே. அவர் தம் பிரபந்தத்துக்கே திருமாலை என்று பெயர். திருப்பள்ளியெழுச்சியின் முடிவில் தம்மைக் காட்டிக்கொள்ளும்போதும் திருத்துழாயும் பூக்கூடையும் விளங்கும் தோளோடேதான் காட்டுகிறார். பாட்டில் மணம் வீசுவதற்குக் காரணம் தோளில் கூடை சுமந்த தழும்பு.

பெரியாழ்வார் இந்தக் கைங்கர்யத்தைத் தேர்ந்துகொண்டதற்கு நம் பூர்வர்கள் சொல்லும் காரணம் வடமதுரையில் நடந்த மாலாகாரர் வ்ருத்தாந்தம். கம்ஸனுடைய ஊருக்குள் எழுந்தருளிய கண்ணனும் நம்பி மூத்தபிரானும் பூக்கட்டும் ஒருவருடைய வீட்டை நாடிச் சென்றார்கள். ஸ்ரீவிஷ்ணுபுராணம் ஐந்தாம் அம்சத்தில் இது விரிகிறது. அவர் மாலை விற்றுப் பிழைப்பவர். அதுவே அவருக்கு வயிற்றுப்பாடு. அப்படிப்பட்டவர் அன்றைக்குத் தம்மிடம் இருந்தவற்றுள் சிறந்த பூக்களையெல்லாம் விலை பேசாமல் எடுத்துக் கொடுத்தார். இதைப் படிக்கும்போதெல்லாம் அடியேனுக்குத் தொழில் புத்தி எழும்பும்: அன்றைய விற்பனை போயிற்றே, நாளைக்கு முதல் ஏது என்று. அவர் அதை எண்ணவில்லை. எண்ணாததைத்தான் ஆழ்வார் கொண்டாடினார்.

அடியேன் எண்ணினேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தோட்டம் தொடங்கிய முதல் வருஷம் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, தொட்டி, செம்மண், தென்னைநார்க் கழிவு, எரு, வேப்பம் புண்ணாக்கு என்று ஒவ்வொரு செலவையும் எழுதினேன். எதிர்ப்பக்கத்தில் விளைச்சல். மார்ச் 31 அன்று கணக்கை முடித்துப் பார்த்தால், ஒரு கிலோ கத்தரிக்காய் கடை விலையைப் போல் பல மடங்கு ஆகியிருந்தது. இதை தர்மபத்னியிடம் ஒரு குறையாகச் சொன்னேன். அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிராமலே, “பெருமாள் அமுது செய்ததை எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள்? வரவிலா, பற்றிலா?” என்று கேட்டாள். எழுதவே இல்லை. அதற்கு எங்கள் கணக்கு முறையில் தலைப்புமில்லை. அந்த நோட்டுப் புத்தகத்தின் மிச்சத் தாள்களில் இப்போது விதை விதைத்த நாள்களை மட்டும் குறித்து வைக்கிறேன்.

திருவேங்கடத்தில் அனந்தாழ்வான் செய்த நந்தவனக் கைங்கர்யத்தை அறியாதார் இல்லை. திருவாய்மொழி மூன்றாம் பத்து மூன்றாம் திருவாய்மொழியை ஸாதிக்கும்போது, குளிர் மிகுந்த அம்மலையில் தங்கித் திருநந்தவனம் செய்ய வல்லார் உண்டோ என்று எம்பெருமானார் கேட்க, எழுந்தவர் அவர் ஒருவரே. ஏரி வெட்டும்போது கர்ப்பிணியான அவர் தேவிகள் மண் சுமந்ததும், சிறுபிள்ளையாய் உதவிக்கு வந்தவன் திருமோவாயில் கடப்பாரை பட்டதும், அதற்காக இன்றும் பச்சைக் கற்பூரம் சாற்றுவதும் நாம் பலகால் கேட்டவை. அடியேன் நின்று பார்ப்பது வேறொன்றை. அந்தக் கடப்பாரை திருமலைக் கோயில் மஹாத்வாரத்திலே தொங்குகிறது. அத்தனை பொன்னும் மணியும் உள்ள கோயிலுக்கு வாசலிலே ஒரு தோட்டக்காரருடைய இரும்பும் அழகாயிற்று! திருவரங்கத்திலும் இவ்வாறே சொல்வர். மதில் கட்டிய திருமங்கையாழ்வார் தொண்டரடிப்பொடியாழ்வாருடைய நந்தவனத்துக்கு ஊறு வாராதபடி மதிலை ஒதுக்கிக் கட்ட, அதற்கு உகந்த அவர் தம் தோட்டக் கருவிக்கு ‘அருள்மாரி’ என்று திருமங்கையாழ்வாருடைய திருநாமத்தைச் சாற்றினாராம்.

இனி உணவுப் பயிருக்கும் இந்த அழகுக்கும் உள்ள தொடர்பைச் சொல்ல வேண்டும். பூச்செடி பெருமாளுக்கு, காய்ச்செடி நமக்கு என்று பிரித்துப் பேசுகிறவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் இடத் திருக்கரத்தில் ஏந்தியிருக்கும் கிளியைச் சேவிக்க வேணும். அடியேன் உத்யோக நிமித்தமாக ராஜபாளையத்தில் மூன்று வருஷம் இருந்தபோது மாதத்துக்கு ஒருமுறையாவது சேவித்திருக்கிறேன். அது பொன்னாலும் மரகதத்தாலும் ஆன கிளியன்று. மூக்கு மாதுளம்பூ, உடல் மரவள்ளி இலை, கட்டுவது வாழைநார். மாதுளை, மரவள்ளி, வாழை என்று மூன்றும் கொல்லையில் உண்பதற்காக வளர்ப்பவை. அவற்றின் பூவும் இலையும் நாருமே பிராட்டி திருக்கையில் ஏறுகின்றன. ஒவ்வொரு நாளும் புதிதாகச் செய்து ஸமர்ப்பிக்கிறார்கள். நேற்றையது இன்றைக்கு ஆகாது, ப்ரஸாதமாகப் போய்விடும். அந்நாளில் அடியேன் மனத்துக்குள் ‘இந்தச் சொத்துக்கு ஆயுள் ஒரு நாள், தேய்மானம் நூற்றுக்கு நூறு’ என்று விளையாட்டாக எண்ணியதுண்டு. முன்கொண்டுவந்த இருப்பு என்று ஒன்றுமே இல்லாத கைங்கர்யம்! நாளைக் காலையில் மறுபடியும் மாதுளை பூத்திருக்க வேண்டும், மறுபடியும் ஒருவர் உட்கார்ந்து இலையை மடிக்க வேண்டும். அவள் சூடிக் களைந்த மாலையும் புரட்டாசி ப்ரஹ்மோத்ஸவத்துக்குத் திருமலைக்கும், சித்திரையில் அழகருக்கும் சென்று சேர்கிறது. எல்லாமே வாடும் பொருள்கள். வாடுவதற்குள் போய்ச் சேர்வதிலேதான் கவனம்.

அந்தக் கவனத்தில் அடியேன் தவறிய கதை ஒன்று உண்டு. இரண்டாம் வருஷம் தை மாதத்தில் மாடிப் பந்தலில் அவரை முதன்முதலாகக் காய்த்தது. ஊதா விளிம்போடு, பனியில் நனைந்து, பார்க்கப் பார்க்கத் தெவிட்டாமல் இருந்தது. கைப்பேசியில் ஏழெட்டுக் கோணங்களில் படம் பிடித்து, உறவினர் குழு, பழைய அலுவலர் குழு, தெருக் குழு என்று வாட்ஸாப்பில் எல்லாருக்கும் அனுப்பினேன். பாராட்டு வரவர ஒவ்வொருவருக்கும் பதில் எழுதிக்கொண்டே மாடியில் உட்கார்ந்துவிட்டேன். கீழே தளிகை முடிந்து திருவாராதனமும் ஆகிவிட்டது. அன்று பெருமாள் கண்டருளியது கடையில் வாங்கிய வாழைக்காய்க் கறியமுது. முதல் காய் 200 பேர் கண்ணில் பட்டபிறகு, மறுநாள்தான் அவன் திருமுன்பு சென்றது. பறித்த அன்றே கொடியில் காயின் பளபளப்பு போய்விடும் என்பதும் அடியேனுக்குத் தெரியும்.

சூடிக் கொடுத்தவள் முன்னே சூடினாளே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாமோ? ஆகாது. அவள் கண்ணாடியில் பார்த்தது தனக்கு அழகாயிருக்கிறதா என்றன்று, அவனுக்குத் தகுமா என்று. அடியேன் பார்த்தது எத்தனை கட்டைவிரல் உயர்ந்தது என்று.

பேத்தியின் சித்திரத்தைப் பெண் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். அதைப் பார்த்தபோது இந்த அவரைக்காய்தான் நெஞ்சில் தைத்தது. இரண்டும் தோட்டத்தின் படங்களே. ஒன்று காய் இருக்கும்போது ஊராருக்காக எடுத்தது. மற்றொன்று பூ இல்லாதபோது பெருமாளுக்காகவே எழுதியது. பெண் சொல்லும்வரை அதை யாருக்கும் காட்டவில்லையாம் குழந்தை.

கையில் பூ இல்லாதவர்கள் கலங்க வேண்டா என்பதற்கு நம்மாழ்வார் முதல் பத்து ஆறாம் திருவாய்மொழியே போதும். தூய நீரும் பூவும் தூபமும் இட்டால் அமையும், இன்ன பூ என்ற நியமமில்லை என்ற கருத்தை அங்கு அருளிச் செய்கிறார். இதன் வ்யாக்யானத்தில் வரும் ஐதிஹ்யம் தோட்டம் வைப்பவர் ஒவ்வொருவரும் நினைவில் கொள்ளத் தக்கது. கண்டகாலி என்னும் முட்செடியின் பூவும் சாற்றலாமோ, அதை சாஸ்த்ரம் விலக்குகிறதே என்று பராசர பட்டரை நஞ்சீயர் கேட்டார். அது எம்பெருமானுக்கு ஆகாது என்று விலக்கியதன்று, பறிக்கும் அடியார் கையில் முள் பாயுமே என்று விலக்கியது என்பது பட்டர் அருளிய மறுமொழியின் கருத்து. ஆராதனத்தில் மலர் எப்படி இருக்கிறது என்பதற்கு முன்னே பறித்த விரல் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் ஸ்வாமி அவன். அடியேன் தர்மபத்னியின் விரல்கள் கீல்வாதத்தால் மடங்கிப்போய் நாலு வருஷமாகிறது. 35 ஆண்டு நாள்தோறும் வாழைநாரில் பூத் தொடுத்த விரல்கள். இப்போது அடியேன் தொடுக்கிறேன். இடைவெளி விட்டுத் தொங்கும் அடியேன் தொடையலைப் பார்த்து அவள் சிரிப்பாள், பெருமாள் சாற்றிக்கொள்கிறான்.

பெண்ணுக்கு எழுதிய மறுமொழியில் அடியேனுக்குத் தெரிந்த அளவில் சிலவற்றைச் சொன்னேன். சித்திரம் புஷ்பத்தின் ஸ்தானத்தில் ஆகாது. ஆனால் அதன் அருகே இருப்பதில் அடியேனுக்குத் தடையொன்றும் தோன்றவில்லை, ஆசார்யன் நியமனப்படி செய். திருத்துழாய் உலர்ந்தாலும் கொள்ளத் தக்கது என்பது பெரியோர் வழக்கு. ஆகவே வரும் கோடையிலேயே தளங்களைப் பறித்து நிழலில் உலர்த்தி ஒரு வெள்ளிச் சம்புடத்தில் சேர்த்து வை. கோயிலாழ்வாரிலிருந்து களைந்த நிர்மால்யத்தைக் குப்பையில் கலக்காதே. காய்கறித் தோலுக்கு ஒரு பானையும் நிர்மால்யத்துக்கு வேறொரு பானையும் வைத்து மக்கச் செய்து, பின்னதைத் திருத்துழாய்க்கும் பூச்செடிக்கும் மட்டும் இடு. இங்கே அப்படித்தான் செய்கிறோம். சென்ற வருஷத்து மாலை இந்த வருஷத்து மல்லிகைக்கு எருவாகிறது. பனியில் செடி பட்டுப்போவதை அபசாரம் என்று எண்ணி அழாதே. அந்த ஊருக்குப் பருவம் அது; விதையை மட்டும் காப்பாற்று.

பெண் இதைப் படித்துக் காட்டியிருக்கிறாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேத்தியே பேசினாள்.

“தாத்தா, ஒரு தப்புப் பண்ணியிருக்கேன். அவரை இலையில ஓட்டை போட்டிருக்கேன்.”

“ஏன் குழந்தாய்?”

“நிஜமாவே ஓட்டை இருந்ததே. புழு தின்னுது. புழுவையும் வரைஞ்சிருக்கேன், பச்சையா, இலைக்குக் கீழே. பெருமாள் கோபிச்சுக்குவாரா? அழிச்சுடட்டுமா?”

படத்தை மறுபடியும் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். இருந்தது. முதலில் பார்த்தபோது அடியேன் கண்ணில் படவில்லை.

“அழிக்காதே. அப்படியே இருக்கட்டும்” என்றேன்.

அடியேன் ராமாநுஜதாஸன்